உடன்பிறந்தாரைக் காணும் உரிமை: டர்பன் குறிப்புகள்

நேட்டால் காலனி 1891 ஆம் ஆண்டில் இயற்றிய 25 ஆம் இலக்கச் சட்டம் இந்தியக் குடியேறிகளைப் பற்றியது. ஒப்பந்தக் கூலியாக வந்த இந்தியர் ஒருவர், முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல், அம்முதலாளியின் இருப்பிடத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் காணப்பட்டால் அவரைப் பிடித்து வைக்கலாம் என்கிறது அதன் விதிகளுள் ஒன்று. அடிமை முறையை 1834 ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டதாகப் பெருமை கொண்ட பேரரசின் சட்டம் இது. பெரிய கரும்புத் தோட்டமொன்றில் ஒரு மைல் நடந்தால் தோட்டத்தின் வேலியைக்கூடத் தொட முடியாது. அடுத்த தோட்டத்தில் அண்ணன் இருந்தால் அவனைக் காணச் செல்லும் தம்பி, சீட்டு இல்லையேல், குற்றவாளி.

நேட்டால் இந்தியரின் வரலாற்றில் சவுக்கடியும், பிடித்துக்கொள்ளப்பட்ட சம்பளமும், தற்கொலைகளும் விரிவாகவே பேசப்பட்டிருக்கின்றன. பேசப்பட வேண்டியவையே. ஆயினும் நம் மனத்தில் ஊன்றிக்கொண்டது இந்த ஒரு மைல்தான். காரணம் எளியது. எங்கள் தமக்கை 2008 ஆம் ஆண்டு முதல் டர்பனில் வாழ்கிறார். அங்கே பள்ளியொன்றில் கணிதம் கற்பிக்கிறார். 2019 ஏப்ரலில் அவரைக் காண நாங்களிருவரும், தம்பியும் தங்கையுமாக, சென்று வந்தோம். விசாவுக்கு விண்ணப்பித்தபோது பயணத்தின் நோக்கம் என்னவென்று ஒரு கட்டம் கேட்டது. 'உடன்பிறந்தவரைக் காண' என்று எழுதினோம். சில நாட்களில் அனுமதி வந்துவிட்டது. அந்த ஒரு வரியை எழுதி டர்பனுக்குள் நுழைவது எத்தனை காலம் இயலாததாக இருந்தது என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டோம். இக்கட்டுரை அதைப் பற்றியது. சிங்கம் பார்த்த கதையை எதிர்பார்க்கும் நண்பர்கள் பொறுத்தருள்க.

டர்பன் வளர்ந்தது சர்க்கரையால். எட்மண்ட் மோர்வுட் என்பவர் 1851 ஆம் ஆண்டு நேட்டாலின் வடகரையில் முதன்முதலாகக் கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தார். கரும்பு விளையும் என்பது தெரிந்தது; வெட்ட ஆளில்லை. ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. வெள்ளையரின் தோட்டத்தில் ஆண்டு முழுதும் முதுகொடிய வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆகவே மொரீஷியஸ் செய்ததை நேட்டாலும் செய்தது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஏறத்தாழ ஐந்து வாரப் பயணம். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்வதேர்' வந்தது. 1911 ஆம் ஆண்டு இந்திய அரசு இந்த ஏற்றுமதியை நிறுத்தும் வரையில் 1,52,184 பேர் இவ்வாறு வந்திறங்கினர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கரும்.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பல் பதிவேடுகளில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள தழும்பு, ஊர், தாலுகா, ஜில்லா என்று பத்திகள் இருக்கின்றன. வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சினாப்பள்ளி, தஞ்சாவூர், சித்தூர், விசாகப்பட்டினம் என ஜில்லாப் பெயர்களை நாம் எளிதில் அடையாளம் காணலாம். ஊர்ப் பெயர்கள்தாம் பாடாய்ப் படுத்தும். சென்னையில் ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதை டர்பனில் இன்னொரு குமாஸ்தா படித்தபடி படியெடுத்தார். இரண்டு கைகள் மாறிய பிறகு எஞ்சிய எழுத்துக் கூட்டலைக் கொண்டு ஒரு சிற்றூரைக் கண்டுபிடிப்பது கல்வெட்டுப் படிப்பதினும் கடினம். மனிதர்களின் பெயர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. தந்தையின் பெயரோ சாதிப் பட்டமோ எது கிடைத்ததோ அது குடும்பப் பெயராக உறைந்தது. கவுண்டர் 'கொவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். முனிசாமியின் பேத்தி, அவள் பேத்தி என எல்லோரும் 'முன்சாமி' ஆனார்கள். டர்பனில் தொலைபேசி விவரத் திரட்டு ஒன்றைப் புரட்டினால் பழைய வட ஆற்காட்டுக் கிராமக் கணக்கு ஒன்றைப் புரட்டிய உணர்வு வரும். எழுத்துப் பிழைகள் நிறைந்த கணக்கு.

இப்பதிவேடுகளில் உடன்பிறந்தாரைக் கண்டுபிடிப்பது எளிது. அடுத்தடுத்த எண்கள், ஒரே தந்தை பெயர், ஒரே ஊர். கப்பலில் ஏறும்போது ஒருவன் பின்னால் ஒருவன் நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிக்கல் தொடங்குவது டர்பனில் இறங்கிய பிறகு. வந்தவர்களைத் தோட்டங்களுக்குப் பங்கிடும்போது கணவன் மனைவியைப் பிரிக்கலாகாது, பெற்றோரையும் இளங்குழந்தைகளையும் பிரிக்கலாகாது என்பது விதி. அதுவே ஒரு நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வயது வந்த அண்ணனும் தம்பியும் அந்த விதிக்குள் வரவில்லை. மாண்புமிகு சட்டத்தின் கண்களுக்கு அவர்கள் இரண்டு தனித்த உடல்கள். ஒன்று வடகரைத் தோட்டத்துக்கும் மற்றொன்று தென்கரைத் தோட்டத்துக்கும் போகலாம். போயினர். முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, ஐந்தாண்டு ஒப்பந்தம், அதனுடன் ஒரு மைல்.

இந்த ஒரு மைலைக் கடக்க ஆண்டுக்கொருமுறை வாய்ப்பு ஒன்று கிடைத்தது. அது முஹர்ரம். பஞ்சா எடுக்கும் திருநாளில் இந்துக்களும் கலந்துகொள்வது தஞ்சை, ஆற்காட்டுப் பகுதிகளில் வழக்கமாயிருந்ததை அறிவோம். நேட்டாலில் தோட்ட முதலாளிகள் இந்தியருக்கு ஒத்துக்கொண்ட விடுமுறை பெரும்பாலும் இதுதான். வெள்ளையர் இதைக் 'கூலி கிறிஸ்மஸ்' என்று கேலியாக அழைத்தனர். தோட்டங்களிலிருந்து வந்தோர் கூடாரம் போன்ற தாஜியாக்களைச் சுமந்து, புலிவேடம் கட்டி, சிலம்பமாடிச் சென்றனர். சமய ஒற்றுமை என்று இதைப் பின்னாளில் பலர் புகழ்ந்து எழுதினர். அது இருக்கட்டும். அக்கூட்டத்தில் கலந்த எத்தனையோ பேருக்கு அது முதன்மையாக ஆள் தேடும் நாளாக இருந்திருக்கும் என்றே நாம் நினைக்கிறோம். கப்பலில் உடன்வந்தவன், ஊர்க்காரன், உடன்பிறந்தவன்.

இது நேட்டாலுக்குள் இருந்தோர் கதை. ஊரிலிருந்த உடன்பிறப்பு, கடல் கடந்து பார்க்க வரலாமா? 1897 வரை சட்டப்படித் தடையேதுமில்லை, பணம்தான் இல்லை. அவ்வாண்டில் தடையும் வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் 'கூர்லாண்ட்', 'நாதேரி' என்னும் இரண்டு கப்பல்கள் இந்தியப் பயணிகளுடன் டர்பன் வந்தன. கொள்ளைநோயைக் காரணம் காட்டி மூன்று வாரங்களுக்கு மேல் அவற்றைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தனர். 1897 ஜனவரி 13 அன்று கரையிறங்கிய காந்தியைக் கும்பலொன்று தாக்கிய நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. சென்னையில் பச்சையப்பன் மண்டபத்தில் நேட்டால் இந்தியரின் நிலை குறித்து அவர் பேசிவிட்டு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கலகம் அடங்கியதும் நேட்டால் அரசு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 'இந்தியர்' என்ற சொல்லே கிடையாது. ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் உள்ளே வரலாகாது என்று மட்டும் சொன்னது. மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் விலக்கு. அண்ணன் தம்பிக்கு இல்லை.

இச்சட்டத்தில் உள்ள நயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது, அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆற்காட்டில் இருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத தம்பி, டர்பனில் ஒப்பந்தம் முடித்துக் காய்கறி விற்றுக்கொண்டிருக்கும் அண்ணனைக் காண விரும்புகிறான் என்று கொள்வோம். விருந்தினனாக வந்தால் துறைமுகத்தில் திருப்பி அனுப்புவார்கள், அல்லது காப்புத்தொகை கட்டித் தற்காலிகச் சீட்டு வாங்கச் சொல்வார்கள். கைநாட்டு வைத்துக் கூலியாக வந்தால் வரவேற்பார்கள். ஐந்தாண்டு அடிமையாகத் தன்னை எழுதிக் கொடுப்பதே அவனுக்குத் திறந்திருந்த ஒரே மலிவான வழி. வந்த பின்னும் அண்ணன் ஒரு மைலுக்கு அப்பால் இருப்பான். இந்த எழுத்துத் தேர்வு முறையைக் கண்டு வியந்து ஆஸ்திரேலியா 1901 ஆம் ஆண்டில் தனக்கும் எடுத்துக்கொண்டது. உலகுக்கு நேட்டால் அளித்த கொடைகளுள் சர்க்கரைக்கு அடுத்தது இது போலும்.

ஒப்பந்தம் முடித்தோர் மீது தலைக்கு மூன்று பவுன் ஆண்டு வரி விதிக்கும் சட்டம் 1895 இல் நிறைவேறிற்று. பத்து ஷில்லிங் கூலிக்காரனின் ஆறு மாதச் சம்பளம் அது. பின்னர் பதினாறு வயது நிரம்பிய பையன்களும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்களும் வரிக்குள் கொண்டுவரப்பட்டனர். வரி கட்ட முடியாதவன் மீண்டும் ஒப்பந்தத்தில் விழ வேண்டும், அல்லது கப்பலேற வேண்டும். 1913 ஆம் ஆண்டுப் பெருவேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை இவ்வரியை நீக்குவதுதான். அதே ஆண்டில் கிறித்தவ முறையில் நடவாத திருமணங்கள் செல்லா என்ற நீதிமன்றத் தீர்ப்பும் வந்ததால் பெண்களும் போராட்டத்தில் இறங்கினர். அதில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்த வள்ளியம்மையை நாம் 'தில்லையாடி வள்ளியம்மை' என்கிறோம். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். பெற்றோரின் ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அதற்கு நான்காண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 1910 ஆம் ஆண்டு டிரான்ஸ்வால் அரசு சத்தியாக்கிரகிகளைப் பிடித்துக் கப்பலேற்றிச் சென்னைக்கு நாடு கடத்தியது. பெரும்பாலோர் தமிழர். அவர்களுள் பலருக்குச் சென்னை அந்நிய நகரம். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தோர் உண்டு. அவர்களுக்கு உணவும் இடமும் தந்து காத்தவர் ஜி.ஏ. நடேசன். மீண்டும் கப்பலேறித் திரும்பிச் சென்றவர்களுள் நாராயணசாமி என்பவர் ஒருவர். துறைமுகம் துறைமுகமாக அலைக்கழிக்கப்பட்டு, கரையிறங்க அனுமதி கிடைக்காமல், அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். வள்ளியம்மைக்குச் சிலை உண்டு, நெசவு மாளிகை உண்டு. நாராயணசாமியின் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

1914 ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. ஒரு மனைவியையும் அவள் வழிப் பிள்ளைகளையும் ஏற்றது. போராட்டத்தின் வெற்றி என்று இதைச் சரியாகவே கொண்டாடுகிறோம். ஆனால் குடும்பம் என்றால் கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் என்ற கணக்கு அத்துடன் உறுதிப்பட்டது. நம் ஊர்க் குடும்பத்தின் முதுகெலும்பான அண்ணன் தம்பி உறவு அந்தக் கணக்கில் வரவேயில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஒன்றியக் குடியேற்றச் சட்டம் புதிய இந்தியர் வருகையை ஏறக்குறைய முற்றாக அடைத்துவிட்டிருந்தது.

அடுத்த பிரிவு 1927 இல் வந்தது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேப் டவுனில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தாமாக இந்தியா திரும்ப முன்வரும் இந்தியருக்குப் பெரியவர் தலைக்கு 20 பவுனும் குழந்தைக்கு 10 பவுனும் கப்பல் கட்டணமும் தரப்பட்டன. மனம் மாறினால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு மூன்றாண்டுக்குள் வந்துவிட வேண்டும்; இல்லையேல் குடியுரிமை போயிற்று. செலவாகிப்போன இருபது பவுனை எவர் திருப்பிக் கட்ட இயலும்? அவ்வாண்டே இந்திய அரசின் முதல் முகவராக டர்பன் சென்ற வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் அங்கே இந்தியப் பிள்ளைகளுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வித்திட்டார். சாஸ்திரி கல்லூரி என்னும் அப்பள்ளி அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஆனால் அதே உடன்பாட்டில் திரும்பி வந்தவர்கள் சென்னையில் பட்ட பாட்டைப் பவானி தயாள் சன்னியாசி 1931 இல் வெளியிட்ட அறிக்கையில் காணலாம். ஊர் ஏற்கவில்லை, சாதி ஏற்கவில்லை, வேலையில்லை. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளுக்கு வெயிலும் காய்ச்சலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் மூத்தவன் இருக்க முடிவு செய்து, இளையவன் பணம் வாங்கிக்கொண்டு கப்பலேறினால், அத்துடன் அவ்வுறவு கடிதத்தில் மட்டும் வாழும். எழுதத் தெரிந்தவர் இறந்தால் அதுவும் முடிந்தது.

பிறகு இந்தியாவே கதவைச் சாத்தியது. அதற்குத் தக்க நியாயம் இருந்தது. 1946 ஆம் ஆண்டு இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்து, அங்குள்ள இந்தியர் நிலையை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசென்றது. 1954 இல் தூதரக அலுவலகமும் மூடப்பட்டது. தென்னாப்பிரிக்காவோ 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவிலிருந்து மணப்பெண் வருவதையும் தடுத்தது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டுகள் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாதவை என்று முத்திரையிட்டு வழங்கப்பட்டதை மூத்த வாசகர்கள் சிலர் நினைவுகூரக்கூடும். நிறவெறியை எதிர்த்த முதல் நாடுகளுள் நம் நாடும் ஒன்று என்பதில் நமக்குப் பெருமையே. ஆயினும் அந்த முத்திரையின் விலையை அரசுகள் தரவில்லை. 1993 நவம்பரில் உறவு மீளும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, ஆற்காட்டுக்கும் டர்பனுக்கும் இடையே எஞ்சிய சில இழைகளும் அறுந்தன. பம்பாய்க்கும் டர்பனுக்கும் இடையே ஓடிய 'கரஞ்சா', 'கம்பாலா' கப்பல்களில் வந்து போகப் பணமும் நெஞ்சுரமும் இருந்தவர்கள் சிலரே.

எங்கள் தமக்கை இந்த உறவு மீட்சிக்குப் பின் சென்ற தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் போன காலத்தில் விமான நிலையம் நகரின் தெற்கே இருந்தது. 2010 முதல் ஷாகா மன்னர் பெயரில் வடக்கே புதிய நிலையம் இயங்குகிறது. நாங்கள் இறங்கியபோது சன்னலுக்கு வெளியே கரும்புதான் முதலில் கண்ணில் பட்டது. 'இன்னும் கரும்பா?' என்று கேட்டோம். 'இன்னும்தான். வெட்டுகிறவர்கள்தாம் மாறிவிட்டார்கள்' என்றார் தமக்கை.

அவர் வீட்டிலிருந்து சாட்ஸ்வர்த் தொலைவில்லை. அந்நகரம் தானாக உண்டானதன்று. 1950 ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தின்படி நிறவாரியாக நகரத்தை அரசு வெட்டியபோது கேட்டோ மேனர் முதலிய பகுதிகளில் தலைமுறைகளாய் வாழ்ந்த இந்தியரைப் பெயர்த்து, 1960களில் இங்கே கொண்டுவந்து கொட்டினர். கேட்டோ மேனரில் தகர வீடாயினும் அண்ணன் தம்பிகள் கூடி வாழ்ந்து, பின்புறம் வாழையும் முருங்கையும் வளர்த்தார்கள். சாட்ஸ்வர்த்தின் சிறு வீடுகள் ஒரு தம்பதிக்கும் பிள்ளைகளுக்கும் அளவெடுத்துக் கட்டப்பட்டவை. சட்டப் புத்தகத்தில் இருந்த குடும்பத்தை இப்போது செங்கல்லில் கட்டினார்கள், அவ்வளவே. அழிந்துபோன கேட்டோ மேனரைத் தம் கதைகளில் பிடித்துவைத்தவர் ரோனி கொவெண்டர். 2021 ஆம் ஆண்டு மறைந்த அவரது 1996 ஆம் ஆண்டுக் கதைத் தொகுதியை நம் நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டும். டாக்டர் குணம் அம்மையாரின் தன்வரலாறும் அவ்வாறே. அதன் தலைப்பு 'கூலி டாக்டர்'. நம் மொழியின் ஒரு சாதாரணச் சொல் கடல் கடந்து வசைச்சொல் ஆனதையும், அதை ஒரு தமிழ்ப் பெண் எடுத்துத் தன் பெயருக்கு முன் சூடிக்கொண்டதையும் அத்தலைப்பு ஒருங்கே சொல்லிவிடுகிறது.

வெட்டிப் பிரிக்கப்பட்ட நகரங்களில் அச்சம் எளிதில் அடங்குவதில்லை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தனர். இரு தரப்பிலும் உயிரிழப்பு இருந்தது, ஆப்பிரிக்கரே மிகுதி. 2021 ஜூலைக் கலகத்தின்போது பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த வாரம் நாங்கள் ஒவ்வொரு இரவும் தமக்கையோடு தொலைபேசியில் பேசினோம். தெருமுனையில் அண்டை வீட்டார் தடுப்பு வைத்திருப்பதாகவும், யார் உள்ளே வரலாம் என்பதை அவர்கள் முகம் பார்த்து முடிவு செய்வதாகவும் சொன்னார். தம் வீட்டில் பத்தாண்டாக வேலைக்கு வரும் ஜூலு அம்மையார் அந்தத் தடுப்பைத் தாண்டி வர இயலவில்லை என்றும் சொன்னார். சீட்டில்லாமல் ஒரு மைல் தாண்டக் கூடாது என்பவர்களால் அலைக்கழிக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நிறுத்திய தடுப்பு அது. இதை எழுதாமல் இக்கட்டுரையை நடத்துவது நேர்மையன்று.

மொழிக்கு வருவோம். 1996 ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு, பேணி மதிக்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. ஆனால் டர்பன் தமிழர் வீடுகளில் பேச்சுமொழி ஆங்கிலம். ஐம்பது வயதுக்குக் கீழே தமிழில் ஒரு முழு வாக்கியம் சொல்லக்கூடியவரைக் காண்பது அரிது. தேவாரம் பாடுகிறார்கள், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு. இதை எண்ணி வருந்துவது நம் வழக்கம். நாங்களும் முதல் சில நாட்கள் வருந்தினோம். பிறகு காது பழகியது. ஆங்கில வாக்கியங்களின் நடுவே சில சொற்கள் கல்லாய்க் கிடந்தன: அம்மா, தாத்தா, ஆயா, அண்ணா, அக்கா, தம்பி. வினைச்சொற்கள் போய்விட்டன, வேற்றுமை உருபுகள் போய்விட்டன. உறவுப் பெயர்கள் போகவில்லை. கேப் டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் ராஜேந்த் மேஸ்திரி தொகுத்துள்ள தென்னாப்பிரிக்க இந்திய ஆங்கில அகராதி இத்தகைய சொற்களின் கருவூலம். ஒப்பந்தப் பத்திரத்தில் இடம் பெறாத உறவுகள் மொழி இறந்த பின்னும் பேச்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன.

பெரிய வெள்ளியன்று தமக்கை எங்களை இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ஏசு சிலுவையில் அறையப்பட்ட நாளில் மாரியம்மனுக்குப் பெருவிழா நடக்கும் இடம் உலகில் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. தோட்டங்களில் தொடர் விடுமுறை கிடைத்தது அப்போதுதான் என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். அம்மனும் விடுமுறைப் பட்டியலுக்கு ஏற்ப இறங்கி வந்திருக்கிறாள். பல்லாயிரம் பேர். வேப்பிலை, மஞ்சள், கூழ். வரிசையில் எங்களுக்கு முன் நின்ற முதிய அம்மையார் தமக்கையின் அண்டை வீட்டுக்காரர். வயது எழுபத்து நான்கு. தமக்கையை விட முப்பது ஆண்டு மூத்தவராயினும் அவரை 'அக்கா' என்றே மரியாதையாக அழைத்தார். நாங்கள் ஆற்காட்டுப் பக்கத்தவர் என்று தெரிந்ததும் மறுநாள் மாலை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அவர் மேசை மேல் கப்பல் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி ஒன்றை விரித்தார். 1892 ஆம் ஆண்டு. அடுத்தடுத்த இரண்டு எண்கள். வயது 24, வயது 19. ஒரே தந்தை. வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா. மூத்தவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அவர் இந்த அம்மையாரின் தந்தைவழிக் கொள்ளுத்தாத்தா. அண்ணனை வடக்கே டோங்காட்டுக்கும் தம்பியைத் தெற்கே உம்சின்டோவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒப்பந்தக் காலத்தில் இருவரும் இரண்டே முறை சந்தித்தார்களாம், இரண்டும் முஹர்ரம் கூட்டத்தில். குடும்பத்தில் அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். 1895க்கு முன் வந்ததால் மூன்று பவுன் வரியிலிருந்து தப்பினார்கள். பின்னர் ஒரே இடத்தில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். கேப் டவுன் உடன்பாடு வந்ததும் தம்பி, மனைவி மக்களோடு பணம் வாங்கிக்கொண்டு சென்னைக்குக் கப்பலேறினார். ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

ஊர்ப் பெயரை நாங்கள் மூவரும் மாற்றி மாற்றி உச்சரித்துப் பார்த்தோம். அந்த எழுத்துக் கூட்டலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் பொருந்தும். சென்னைக்கு வந்தவர் ஊருக்குத்தான் போனார் என்பதற்கும் உறுதியில்லை. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னோம். அம்மையார் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிரதியொன்றை எங்களிடம் தந்தார். பிறகு, தேடிக் கிடைத்தால் அந்தத் தம்பியின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் தமக்கு என்ன ஆக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். 'மூன்றாம் கசின்' என்பது அவர் கணக்கு.

தமக்கை விரல்விட்டு எண்ணினார். அண்ணன் மகனும் தம்பி மகனும் அண்ணன் தம்பி முறை. அவர்கள் மகன்களும் அதே முறை. ஆண் வழியாகவே வந்திருந்தால் அடுத்த தலைமுறையிலும் அதே முறைதான். 'நம் வழக்கத்தில் உங்களுக்கு அவர்கள் கசின் இல்லை, கூடப்பிறந்தவர்கள். பெண்ணாயிருந்து வயதில் இளையவளானால் தங்கச்சி' என்றார். அம்மையார் அச்சொல்லைத் தம் பிரதியின் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு, எழுத்துக் கூட்டல் சரியா என்று எங்களிடம் காட்டினார். சரிதான் என்றோம். ஆணாயிருந்தால் தம்பி என்று தமக்கை சொல்லத் தொடங்கினார். அது தமக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார் அவர்.